சத்தமே இல்லாத வண்டி

வாரியத்தின் ஜீப் தெருமுனையில் திரும்பியபோது பொட்டுச் சத்தம்கூட இல்லை. வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த ரொட்டி வேன்காரர் பிரஷை வாயிலேயே விட்டுவிட்டு அதைப் பார்த்தார். டீசல் வண்டியோடு அரை ஆயுள் குப்பை கொட்டியவர் அவர். வண்டி என்று ஒன்று இருந்தால் இருமும், உறுமும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை எழுப்பி அதன் அம்மாவிடம் திட்டு வாங்கிக் கொடுக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். இந்த ஜீப்போ வழுக்கிக்கொண்டு வந்தது. முன்சீட்டில் பரிசோதகர் கஞ்சி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் சீருடைக்காரர்கள் நாலு பேர், ஜீப்பின்மேல் இரண்டு கையையும் வைத்து, தலையைக் குனிந்தபடி நடந்து வந்தார்கள்.

"பாரு, அதிகாரின்னா இப்படி இருக்கணும். எவ்வளவு மரியாதையா கூடவே நடந்து வர்றாங்க," என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார்.

அவருடைய மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மரியாதைக்கு ஏன் இப்படி வேர்க்குது அவங்களுக்கு?"

அவளுக்கு எப்போதும் இப்படித்தான். ஊர் பார்க்கிற பக்கம் பார்க்கத் தெரியாது.

இல்ல எண்ணெய் ஒருமை வாரியம் எப்போது வந்தது என்று யாரைக் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. ஒரு நாள் அங்கே காலி மைதானம் இருந்தது. இன்னொரு நாள் நாலு மாடிக் கட்டடம் நின்றது. நடுவில் என்ன நடந்தது என்று விசாரிக்கிற அளவுக்கு யாரும் வேலைவெட்டி இல்லாமல் இல்லை. அதன் சட்டம் ஒரே வரிதான்: ஒரு வீட்டில் எத்தனை வண்டி இருந்தாலும் அத்தனை இன்ஜினுக்கும் ஒரே எண்ணெய். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தெருவுக்குத்தான் வாரியம் முதலில் போனது.

பரிசோதகர் கூடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். வேன்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பியாகிய மச்சான், மகள் நாலு பேரும் எதிரே வரிசையாக நின்றார்கள். சொந்த வீட்டில் ஏன் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வீட்ல மொத்தம் எத்தனை இன்ஜின்?"

"மூணுங்க. நான் ரொட்டி போடுற வேன். மச்சான் பார்சல் கொண்டு போற பைக். பொண்ணு கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போற ஸ்கூட்டர்."

"எத்தனை எண்ணெய்?"

"அதுவும் மூணுதாங்க. வேன் டீசல் வண்டி, அதுக்குக் கெட்டியா ஒண்ணு. பைக்ல கிளட்சும் அதே எண்ணெய்லதான் ஊறும், அதனால அதுக்குன்னு தனியா ஒண்ணு. ஸ்கூட்டருக்கு லேசா ஒண்ணு."

பரிசோதகர் பேனாவை மூடினார். சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில், "எவ்வளவு நாளா இப்படி?" என்றார்.

"வாங்கின நாள்ல இருந்தே இப்படித்தாங்க."

"வீட்ல சண்டை வருமா?"

"எல்லா வீட்லயும் வர்ற மாதிரி, ஏதோ..."

"எல்லா வீட்லயும் மூணு எண்ணெய் இருந்துச்சு. அதான்," என்றார் பரிசோதகர்.

அதற்குள் சீருடைக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைத் துழாவினார்கள். தையல் மிஷினைத் தூக்கிப் பார்த்தார்கள். கொல்லைக் கதவின் கீலில் விரல் வைத்து முகர்ந்தார்கள். தையல் மிஷின் எண்ணெய் ஒன்று, கீலுக்கு விட்ட எண்ணெய் ஒன்று என்று கணக்கு ஐந்தானது. வேன்காரருக்கு வியர்த்துவிட்டது. மனைவிக்கு மட்டும் சிரிப்பு வந்தது. உடம்பு படுத்தும் பாட்டில் அவளுக்குச் சிரிப்பு ஒன்றுதான் செலவில்லாமல் கிடைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்னை விட்டுட்டீங்களே ஐயா. எனக்கும் வாரத்துல ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில ஆயில் மாத்தறாங்க."

பரிசோதகர் சிரிக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை மறுபடி திறந்து எழுதிக்கொண்டார். "அம்மாவுக்கு என்ன நம்பர் எண்ணெய்?"



அவள் சொன்னதில் பொய் இல்லை. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாளாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், ஊரின் மறுகோடியில் மேட்டின்மேல் இருக்கிற ஆஸ்பத்திரியில், மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும், விட்டதைப் பிடிக்க முடியாது. திரும்பி வரும்போது அவளால் உட்காரக்கூட முடியாது என்பதால் வேனின் பின்னால் ரொட்டித் தட்டுகளை ஒதுக்கி மெத்தை போட்டிருந்தார் வேன்காரர். படுத்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். பின்னால் பேச்சு வந்துகொண்டிருக்கிறவரை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். நின்றால்தான் திரும்புவார்.

*

எண்ணெய் தேர்ந்தெடுக்கும் நாளில் குடும்பத்தோடும் வண்டிகளோடும் வாரியத்துக்குப் போனார்கள். பெரிய முற்றம். நடுவில் ஒரு பித்தளை அண்டா. ஒருபக்கம் மேடை, அதில் மைக். எதிரே தெருவாசிகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர் மேடைக்கு ஏறினார். மென்மையான மனிதர். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் குரலில் பேசினார்.

"ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இதுக்கு முன்னாடி இந்த நாற்காலியில தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர், எந்த வண்டிக்கு எது வேணுமோ அதை ஊத்துங்கன்னார். இன்னொருத்தர், வண்டி வச்சிருக்கிறவனையே கேளுங்கன்னார். ரெண்டு பேரும் இப்ப இல்லை. தெரியாதவன் வந்ததுக்கு அப்புறம்தான் வாரியத்துல ஒரு அமைதி வந்துச்சு."

கைதட்டினார்கள்.

"ஒரு கூரை, ஒரு வாசல், ஒரு அடுப்பு. எண்ணெய் மட்டும் மூணா? இன்னைக்கு மூணு எண்ணெய்னா நாளைக்கு மூணு கருத்து. கருத்தை எல்லாம் வடிச்சு எடுத்துச் சோதிக்க எங்ககிட்ட வசதி இல்லை. எண்ணெயைச் சோதிக்கலாம். நம்மால எது முடியுமோ அதைத்தானே நாம செய்யணும்."

மறுபடி கைதட்டினார்கள். பிறகு சடங்கு தொடங்கியது. மூன்று வண்டியின் அடியிலிருந்தும் பழைய எண்ணெயை வடித்து அண்டாவில் ஊற்றினார்கள். நீளமான மரக்கரண்டியால் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறை கிண்ட வேண்டும். கிண்டும்போது மனதில் வேற்றுமை இருக்கக்கூடாது. மகள் கிண்டினாள், மச்சான் கிண்டினான், வேன்காரர் மனதைத் துடைத்துக்கொண்டு கிண்டினார். மனைவிக்குக் கரண்டியைத் தூக்கத் தெம்பில்லை, இரண்டு சீருடைக்காரர்கள் அவள் கையைப் பிடித்துக் கிண்டவைத்தார்கள். பரிசோதகர் ஒரு சொட்டை எடுத்து, தேன் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிகிற ஒரு வண்ண அட்டையோடு வைத்து ஒப்பிட்டார். முற்றம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"கறுப்பு," என்று அறிவித்தார்.

கறுப்புக்கு உரிய டின்னை எடுத்து வந்தார்கள். அலமாரியில் வேறு டின்னே இல்லை. அதை வேன்காரர் உற்றுப் பார்ப்பதைத் தலைவர் கவனித்துவிட்டார்.

"வேற நிறம் வந்ததே இல்லைங்க," என்றார் பெருமையாக. "வாரியம் ஆரம்பிச்சதுல இருந்து வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கறுப்புதான். எங்க சோதனை எவ்வளவு துல்லியம்னு இதைவிட எப்படிச் சொல்றது?"

இன்ஜினில் ஓடின எண்ணெய் எதுவானாலும் கறுத்துத்தான் வெளியே வரும் என்பது வண்டி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். எதிரே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வண்டி வைத்திருந்தவர்கள். வேன்காரர் அவர்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவரும் வாய்வரை வந்ததை மென்று முழுங்கினார்.

"ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நல்லது. வாய் வரைக்கும் வந்தது திரும்பிப் போயிடுச்சுன்னா பாதி ஒருமை வந்தாச்சுன்னு அர்த்தம். மீதிப் பாதி வண்டிக்கு வரும்."

மூன்று வண்டியிலும் டின் எண்ணெயை ஊற்றி, மூடிக்கும் அடித்திருகுக்கும் ஈயத்தில் முத்திரை வைத்தார்கள். தையல் மிஷினுக்கும் கதவுக் கீலுக்கும் ஒரு சின்னப் பாட்டிலில் கொடுத்தார்கள். மனைவியைக் காட்டி, "இவங்களுக்கு?" என்று பரிசோதகர் கேட்டார். தலைவர் அவளைக் கொஞ்ச நேரம் கனிவோடு பார்த்தார். "அதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பேசவில்லை. வேன்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

*

முதலில் ஸ்கூட்டர் படுத்தது. காலையில் மகள் உதைக்கிற உதையில் கெண்டைக்கால் வீங்கியதுதான் மிச்சம், அது வாயைத் திறக்கவில்லை. பிறகு பைக். கிளட்ச் வழுக்கியது. மச்சான் முறுக்கினால் தெருவே அதிரக் கத்தும், நின்ற இடத்தைவிட்டு நகராது. தையல் மிஷின், தைத்த தலையணை உறையில் எல்லாம் கரிக்கோடு போட்டது. கொல்லைக் கதவு மட்டும் நன்றாகத் திறந்தது. வாரியத்தின் சுவரொட்டியில் அந்தக் கதவின் படத்தைப் போட்டார்கள்.

வேன் மட்டும் தாக்குப்பிடித்தது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க் குடம் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. வேன்காரர் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜீப் சத்தமில்லாமல் வந்து நின்றது. பின்னால் வந்த நாலு பேரில் ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பரிசோதகர் அதைப் பார்க்காதவராகப் பையிலிருந்து வட்டமான ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துச் சிவப்பு விளக்கின்மேல் ஒட்டினார். அதில் வாரியத்தின் சின்னம் அழகாக அச்சடித்திருந்தது.

"இப்ப எரியுதா?"

"தெரியலைங்களே."

"தெரியலைன்னா எரியலை."

மச்சானுக்கு ரத்தம் கொதித்தது. "முத்திரையை உடைச்சு நல்ல எண்ணெயா ஊத்துவோம் மாமா. வர்றது வரட்டும்."

"எங்கடா வாங்குவே? எல்லாக் கடையிலயும் அதே டின்தான் இருக்கு."

எதற்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று மெக்கானிக்கிடம் வேனை ஓட்டிப்போனார். மெக்கானிக்கை ஊரே கிரீஸ் என்றுதான் கூப்பிடும். கடையில் ஸ்பேனர் மாட்டியிருந்த சுவரில் இப்போது கயிறு கயிறாகத் தொங்கியது. மேஜையில் தோல் கையுறைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"என்னப்பா இது, கடையை மாத்திட்டியா?"

"கேக்கறதைத்தானே விக்க முடியும்ணே." கிரீஸ் வேனின் பக்கத்தில் வந்து காதை வைத்துக் கேட்டார். ஏதோ தட்டுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், முகம் மாறியது. நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு, தொங்கியதில் தடிமனான கயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இந்த கனத்துக்கு இதுதான் தாங்கும். இப்பவே வாங்கி வச்சுக்குங்க."

"கயிறு எதுக்குப்பா எனக்கு? இன்ஜின்ல என்னன்னு சொல்லு."

கிரீஸ் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

வேன்காரர் அங்கிருந்து முகம் மழிக்கப் போனார். சலூன்காரர் கன்னத்தில் கை வைத்தபோது உப்புத்தாளால் தேய்ப்பதுபோல இருந்தது. திடுக்கிட்டு அந்தக் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்த்துப்போயிருந்தது. சலூன்காரர் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு வேன்காரருக்கு அதுவே பார்வையாகிவிட்டது. காய்கறிக்காரி சில்லறை நீட்டினால் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுக்குப் பின்னால் நிழலில் குந்தியிருந்த நாலு பேரின் கைகளைப் பார்த்தார். டாக்சிக்காரர்களின் கைகளைப் பார்த்தார். யார் கையும் பழைய கையாக இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

*

வாரியத்தில் புகார் அறை என்று ஒன்று இருந்தது. போனார். உள்ளே ஏற்கெனவே கூட்டம். வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்: ஒரு அறைக்கு ஒரு புகார். அறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கலந்து பேசி, ஒரே புகாராகக் கொடுக்க வேண்டும்.

கார் நின்றுபோன வாத்தியார் ஒருவர் கார் என்றார். தண்ணீர் மோட்டார் எரிந்துபோன அம்மாள் மோட்டார் என்றாள். வேன்காரர் மனைவியின் ஆஸ்பத்திரியைச் சொன்னார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் அது சொந்த விஷயம், பொதுவாக ஒன்று சொல்லுங்கள் என்றார்கள். மத்தியானம்வரை முட்டிமோதி, எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான் என்று முடிவானது: அறையில் மின்விசிறி சுற்றவில்லை. அதை எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்த வேகத்தில் ஏணியோடு ஒருவர் வந்து விசிறியைச் சரிசெய்துவிட்டார். காற்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வேன்காரர் பார்த்தால் தானும் தட்டிக்கொண்டிருந்தார், அதுவும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

அதற்காகவே அவரைத் தலைவர் அறைக்கு அழைத்துப்போனார்கள்.

"இவ்வளவு நேரம் கைதட்டின ஆளுக்கு ஏதாவது செய்யாம அனுப்பக்கூடாது," என்றார் தலைவர். "சொல்லுங்க."

வேன்காரர் சொன்னார். விளக்கு, ஸ்டிக்கர், மேட்டின்மேல் இருக்கிற ஆஸ்பத்திரி, நேரம் தவறினால் கிடைக்காத மெஷின். வேனுக்கு மட்டும், ஒரே ஒரு வேனுக்கு மட்டும், பழைய எண்ணெய்க்கு அனுமதி கொடுத்தால் போதும். தலைவர் கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டார்.

"எங்க பரிசோதகர் அன்னைக்கே எழுதியிருந்தார். நீங்க மூணு இன்ஜின்னு சொன்னீங்க. அம்மாதான் நாலாவதுன்னு உண்மையைச் சொன்னாங்க. மூணும் ஒத்துப்போச்சு. உங்க வீட்ல ஒத்துப்போகாதது ஒண்ணே ஒண்ணுதான்."

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். அந்த உடம்பு தனக்குன்னு ஒரு நேரம் கேக்குது, ஒரு இடம் கேக்குது, ஒரு மெஷின் கேக்குது. வேன் அப்படி எதுவும் கேக்கலையே? அம்மா பேரை வீட்டுக் கணக்குல இருந்து எடுத்துடுங்க. அப்புறம் வேன் எங்கயும் அவசரமா போக வேண்டியதில்லை. அவசரம் இல்லாத வண்டிக்கு எந்த எண்ணெயும் நல்ல எண்ணெய்தான்."

"எடுத்துட்டா... அவ எங்க போவா?"

தலைவர் உண்மையாகவே யோசித்தார். "அது எங்க வாரியத்துக்குக் கீழ வராது," என்றார்.

நியாயப்படி மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். வேன்காரர், "யோசிச்சுச் சொல்றேங்க," என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அப்படிச் சொன்ன வாயை நாலு மாடியும் இறங்குகிறவரை திட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் மறைக்கத்தான் பார்த்தார். அவளிடம் எது மறையும்? ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிடுங்கிவிட்டாள். மகள் அழுதாள். மச்சான் சுவரைக் குத்திக் கையைக் காயப்படுத்திக்கொண்டான். அவள் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வீட்டுக் கணக்குல இருந்து எடுத்துட்டா பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க. அவங்ககிட்ட ஒரு வண்டிகூட இல்லை, நான் ஒருத்தி ஒருமையா இருந்துட்டுப் போறேன்."

"சும்மா இரு," என்றார் அவர்.

"சரி, சும்மா இருக்கேன். வண்டி ஓடுற வரைக்கும் போவோம். நின்னா நீங்க தள்ளுங்க, நான் பேசிக்கிட்டே வர்றேன். நான் பேசறது கேக்கிற வரைக்கும் நீங்க பயப்படக்கூடாது."

*

வேன் நின்றது ஆஸ்பத்திரி நாளில், பாதி வழியில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வழி பிரிகிற நாற்சந்தியில். உள்ளே ஏதோ இரும்பு இரும்பை உடைத்தது. பிறகு ஒன்றும் இல்லை. வேன்காரர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். செத்த பல்லிகூட வாலை ஆட்டும், இது அதுகூட இல்லை. மகள் டாக்சிக்குப் போன் செய்தாள். வருகிறோம், ஆனால் காரைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார்கள்.

"இறங்கி வா மச்சான்," என்றார். மகளும் இறங்கினாள். மூவரும் பின்னால் போய்க் கை வைத்தார்கள்.

அப்போது தெருவில் கதவுகள் திறந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சலூன்காரர் வந்தார், காய்கறிக்காரி வந்தாள், காருக்குப் புகார் சொன்ன வாத்தியார் வந்தார், கிரீஸ் கயிற்றோடு வந்தார். எத்தனையோ வருடம் பழகினவர்கள்போல ஆளுக்கொரு இடத்தில் கைவைத்துத் தலையைக் குனிந்தார்கள். வேன் உடனே நகர்ந்தது. வேன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஜனங்களைப் பார்த்தா பயந்தோம் என்று வெட்கப்பட்டார்.

வேன் பள்ளத்துப் பக்கம் திரும்பியது.

"இல்லை, இல்லை, ஆஸ்பத்திரி மேல இருக்கு."

"தெரியும்ணே," என்றார் கிரீஸ், நிமிராமல். "ஆனா தள்ளற வண்டியை முதல்ல வாரியத்துல காட்டணும். நாங்க எல்லாரும் காட்டினோம்."

"நேரம் ஆகுதுப்பா. மெஷின் போயிடும்."

"கீழ போறது சுலபம்ணே. கொஞ்ச நேரம்தான்."

வேன்காரர் முன்னால் ஓடி நின்று மறித்தார். அத்தனை பேர் தள்ளுகிற வண்டியை ஒரு ஆள் மறிக்க முடியாது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "என்னங்க, ஆஸ்பத்திரியை வேற இடத்துக்கு மாத்திட்டாங்களா?"

வாரியத்தின் கேட் திறந்தே இருந்தது. முற்றத்தில் தலைவர் இரண்டு கையையும் விரித்து வரவேற்றார். பரிசோதகர் வேனைச் சுற்றிவந்து, காதை வைத்துக் கேட்டு, "சுத்தம்," என்றார். தள்ளி வந்தவர்கள் போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிர்த்துப் பேச வேன்காரர் வாயெடுப்பதற்குள் அவளைக் கைத்தாங்கலாக மேடையேற்றி நடுநாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ஒரு டின் எண்ணெயை வைத்துவிட்டார்கள். அது பரிசு. இந்த ஆண்டின் ஒருமை இல்லம் அவர்களுடையது.

"ஐயா, அவளுக்கு நேரமாச்சுங்க," என்றார் வேன்காரர் மேடைக்குக் கீழிருந்து.

"இதோ ஆயிடுச்சு," என்று தலைவர் மைக்கைப் பிடித்தார். "நேத்து வரைக்கும் இந்த வீட்ல ஒரு வண்டி டக்குடக்குன்னு, ஒரு வண்டி சர்ருன்னு, ஒரு வண்டி கிர்ருன்னு. இன்னைக்கு மூணுக்கும் ஒரே குரல். வண்டி தானா ஓடினா அது யார் பேச்சைக் கேக்கும்? நாலு பேர் தள்ளினாத்தான் நாம சொல்ற பக்கம் போகும். இதைத்தாங்க நாங்க ஆரம்பத்துல இருந்து..."

பேச்சு போய்க்கொண்டிருந்தது. கைதட்டல் வந்துகொண்டிருந்தது. அவள் முகம் ஊதியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. தலைவர் அன்போடு மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "அம்மா, ரெண்டு வார்த்தை."

"மூச்சு முட்டுது," என்றாள் அவள்.

தலைவர் மைக்கைத் திருப்பிக்கொண்டார். "சந்தோஷத்துல மூச்சு முட்டுதாம் அம்மாவுக்கு," என்றார். முற்றம் எழுந்து நின்று கைதட்டியது.

வேன்காரர் மேடையேறினார். யாரையும் கேட்கவில்லை. மடியிலிருந்த டின்னை எடுத்துக் கீழே வைத்தார். அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி, மெத்தையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார். யாரும் தடுக்கவில்லை, தள்ளுகிற வண்டியைத் தடுக்கச் சட்டமில்லை. அவர் நாற்காலிகளைப் பார்த்தார். கிரீஸ் பாதி எழுந்தார். பேச்சு முடியவில்லை என்று பக்கத்திலிருந்த சலூன்காரர் அவரைத் தொட்டு உட்காரவைத்தார்.

மேட்டில் மூன்று பேர்தான். அவர், மச்சான், மகள். வேன் அங்குலம் அங்குலமாக ஏறியது. வாரியத்தின் ஒலிபெருக்கிகளைத் தெருநெடுகக் கட்டியிருந்தார்கள், தலைவர் கூடவே வந்தார்.

"இன்னும் தூரமா?" என்றாள் உள்ளேயிருந்து.

"வந்துட்டோம். பேசிக்கிட்டே வா."

"அடுப்பை அணைச்சேனான்னு ஞாபகமே இல்லை."

"நான் அணைச்சேன்ம்மா," என்றாள் மகள் அழுகையை அடக்கிக்கொண்டு.

"உன் மாமனைக் கையில கட்டுப் போட்டுக்கச் சொல்லு. சீழ் பிடிக்கும்."

மச்சான் இன்னும் அழுத்தித் தள்ளினான். சுவரைக் குத்திய காயம் திறந்து ரத்தம் வேனின் வெள்ளைக் கதவில் பட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு அவள் ரொட்டியைப் பற்றி ஏதோ சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு, "என்னங்க," என்றாள். அவர், "இருக்கேன், இருக்கேன்," என்றார். ஆஸ்பத்திரியின் மதில் தெரிந்தது. ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் தழைந்து, ரகசியம் சொல்கிற மாதிரி ஆனது.

"மேட்டுப் பக்கம் பாருங்க. நம்ம ஒருமை இல்லத்தோட வண்டி போய்க்கிட்டிருக்கு. எல்லாரும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. ஏதாவது சத்தம் வருதா?"

ஊர் முழுக்க அமைதியாகக் கேட்டது. வேன்காரரும் கேட்டார்.

"இல்லை பாத்தீங்களா," என்றார் தலைவர். கைதட்டல் மேடேறி வந்தது.

வேன்காரர் அவளை ஒருமுறை கூப்பிட்டார். மறுபடி கூப்பிட அவருக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு கையையும் வேனின்மேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார்.